அறுபது டிகிரியில் துவைத்த வாரிசு

என் அக்கா பெற்ற மகனும், இருபது வயதுக்குட்பட்டோர் அணியைக் கூட்டிக்கொண்டு ஆறு வாரச் சுற்றுப்பயணம் போயிருப்பவனும், திரும்பி வரும்போது பெரிய ஆளாக இறங்கப்போகிறவனுமான அருமை மருமகனுக்கு, தேசிய ரக்பி அணியின் உடுப்பறையிலிருந்து உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம். மூன்று சலவை இயந்திரங்களில் இரண்டு சௌக்கியம், மூன்றாவதற்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. உன் சௌக்கியத்தைப் போனிலேயே கேட்டுவிடலாமென்று பதினான்கு முறை அடித்துப் பார்த்தேன். என் நம்பருக்கு மட்டும் உன் போன் மணியடிக்க மாட்டேன் என்கிறது. உன் அம்மா அடித்தால் அடிக்கிறதாம். அந்த ஊர் டவர் அந்த லட்சணத்தில் இருக்கிறது, நீ என்ன செய்வாய் பாவம். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள்.

நீதான் அடுத்த தலைமைப் பயிற்சியாளர்! தீர்மானம் நிறைவேறிவிட்டது. சங்கத்திலிருந்து முறையான கடிதம் வரும். அதில் உன் திறமை, உன் உழைப்பு, எட்டு வருட உதவிப் பயிற்சியாளர் அனுபவம் என்று என்னென்னவோ எழுதியிருப்பார்கள். எதையும் நம்பாதே, காரணம் நான். புறப்படும் அன்று வேனில் ஏறப்போனவன் இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மாமா, எட்டு வருஷமா இதுக்குத்தான் காத்துட்டிருக்கேன். உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன், நீங்க மட்டும் எதுவும் செஞ்சிடாதீங்க" என்று சொன்னாயே, அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளை வாய்விட்டு உதவி கேட்கக் கூச்சப்படுகிறான். நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன்தான், ஆனால் அதை இரண்டு முறை படித்தவன். இதுகூடவா புரியாது?

நீ போன மறுநாள் சங்கத்தில் ஓர் ஆலோசகரை வரவழைத்தார்கள். ரக்பிப் பந்து உருண்டையா நீளமா என்று கேட்டால், இரண்டு கோணத்திலும் அணுகலாம் என்று சொல்லக்கூடிய அளவுக்குப் படித்த மனிதர். பெரிய கோச் இந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுகிறார் அல்லவா, அவருக்குப் பிறகு யார் என்பதை முறைப்படி முடிவு செய்ய 'வாரிசுத் திட்டம்' போட்டுக் கொடுப்பது அவர் வேலை. சுவரில் படம் காட்டினார். ஒன்பது கட்டம். உன்னை 'பொறுத்திருந்து பார்க்கலாம்' என்ற கட்டத்தில் வைத்திருந்தார். ஸ்க்ரம் கோச்சை, அதாவது எட்டு எட்டுப் பேராகத் தலையைக் கோத்துக்கொண்டு முட்டுவதற்குச் சொல்லிக்கொடுக்கிறானே, கழுத்தே இல்லாததால் 'கழுத்து' என்று நாம் எல்லாரும் கூப்பிடுகிறோமே, அவனைப் 'பொறுத்துக்கொள்ளலாம்' என்ற கட்டத்தில். மற்ற ஏழு கட்டத்திலும் ஆள் கிடையாது. அவற்றுக்கும் சேர்த்துத்தான் அவர் நாலு நாள் பேசினார். கடைசியில் கண்டுபிடித்த விதி என்னவென்றால், போகிறவர் தனக்குப் பின் யார் என்று ஒரு பெயரை எழுதி உறையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டு முடிவு எடுக்கும்வரை கண்ணிலேயே படக்கூடாது, அவர் நிழல் விழுந்தால் வாரிசு வளராதாம். பெரிய கோச்சும் சரியென்று, போனே எடுக்காத ஒரு மீன்பிடிப் படகில் மூன்று வாரம் போய்விடுவதாக ஒப்புக்கொண்டார். மனிதருக்கு அவ்வளவு அலுப்பு.

அந்த அலுப்புக்குக் காரணம் உனக்குத் தெரியாது, அவருக்கே தெரியாது, எனக்குத் தெரியும். நம் சங்கத் தலைவர் பல் டாக்டர். ரக்பியில் அவர் நெருங்கிப் பார்த்ததெல்லாம் ஆட்டம் முடிந்தபின் கைக்குட்டையில் வந்த பற்கள்தான். ஏழு வருடத்துக்கு முன் ஒருநாள் பாதி ஆட்டத்தில் உடைமாற்றும் அறைக்குள் வந்து ஏதோ யோசனை சொல்ல வாயைத் திறந்தார். பெரிய கோச் அவரை யாரென்று பார்க்காமலே, "சும்மா நிக்காதய்யா, இந்தத் தண்ணி பாட்டில எல்லாருக்கும் குடு" என்று கூடையைக் கையில் திணித்துவிட்டார். தலைவரும் பதினைந்து பேருக்கும் கொடுத்துவிட்டு வெளியே போனார். அன்றிலிருந்து ஏழு வருடமாகப் பெரிய கோச் எதைக் கேட்டாலும் செயற்குழு அதற்கு நேர் எதிராகத்தான் செய்யும். சின்ன பஸ் போதுமென்றால் பெரிய பஸ் வரும். காலைப் பயிற்சி என்றால் மைதானம் மாலையில்தான் காலி. வெள்ளை உடுப்பே வேண்டாம், சேறு போகாது என்று அவர் எழுதிக் கொடுத்த வாரமே நாற்பது ஜோடி வெள்ளை வந்து இறங்கியது. துவைத்தவனுக்குத் தெரியாதா?

இனி உறைக்கு வருகிறேன். பெரிய கோச் புறப்படும் நாள் நல்ல மழை. பயிற்சி முடிந்து, நனைந்த டிராக்சூட் மேல்சட்டையைக் கழற்றி என் கூடையில் போட்டுவிட்டு நேராகப் படகுத்துறைக்குப் போய்விட்டார். நான் என் கடமையைச் செய்தேன். அறுபது டிகிரி, இரண்டு முறை அலசல், நல்ல பிழிசல். மறுநாள் காலை தலைவரின் உதவியாளர் ஓடி வருகிறார். "அந்தச் சட்டையோட உள்பைல உறை இருக்காம். வாசல்ல சொல்லிட்டுப் போனார். எங்க?" உள்பையில் கை விட்டேன். ஒரு பிடி வெள்ளைக் கூழ். உன்னிடம் மறைப்பானேன், ஓர் எழுத்து இல்லை. சட்டை மட்டும் பளிச்சென்று இருந்தது, அதை ஒருவரும் பாராட்டவில்லை.

கூட்ட அறைக்கு என்னை அழைத்தார்கள். அழைத்தார்கள் என்ன, கெஞ்சினார்கள். நான் உள்ளே நுழைந்ததும் அறையே எழுந்து நின்றது. டீ வந்ததால் எழுந்தார்கள் என்று பொறாமைக்காரர்கள் யாராவது உனக்கு எழுதுவார்கள், காதில் போட்டுக்கொள்ளாதே. நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். தலைவர் பாட்டிலைத் தொடுவதே இல்லை, கவனித்திருக்கிறாயா? கூழை ஒரு தட்டில் வைத்து அவர் முன் தள்ளினேன். அவர் அதைப் பேனாவால் புரட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"வாரிசுத் திட்டங்க."

"கரையறதுக்கு முன்னாடி படிச்சியா?"

அந்த ஒரு நொடியில் என் மூளை எத்தனை சுற்று சுற்றியது என்று நினைக்கிறாய்? பிழிசலில் டிரம்கூட அவ்வளவு சுற்றாது. உன் பெயரைச் சொல்லியிருந்தால் நீ அன்றோடு காலி. கோச்சுக்குப் பிடித்தவன் என்று உன்னைப் பந்து பொறுக்க அனுப்பியிருப்பார்கள். அதனால் தலையைச் சொறிந்து, மனசே வராதவன் மாதிரி இழுத்தேன். "எடுக்கறப்ப மை கொஞ்சம் தெரிஞ்சதுங்க. ஸ்க்ரம் கோச் பேருதாங்க. அடியில ரெண்டு கோடு வேற போட்டிருந்தார்."

"ரெண்டு கோடா?" தலைவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நிச்சயமாத் தெரியுமா?"

"என் பொண்டாட்டி மேல சத்தியங்க." (அத்தையிடம் இந்த வரியைப் படித்துக் காட்டாதே.)

இருபதே நிமிடம். கழுத்து ஏன் தலைமைப் பயிற்சியாளர் ஆகக்கூடாது என்பதற்குப் பதினோரு காரணம் கண்டுபிடித்துக் குறிப்பேட்டில் ஏற்றிவிட்டார்கள். ஒன்பதாவது காரணம் அவன் மெல்லும் சத்தம். ஆலோசகர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை, கணினியில் உன் பெயரை விரலால் இழுத்து 'இப்போதே தயார்' கட்டத்தில் போட்டுவிட்டு, "தரவுகளும் இதைத்தான் காட்டுகின்றன" என்றார். ஒருமனதாக நீ. நான்தான் முதலில் கை தட்டினேன்.

ஒரே ஒரு சங்கடம், அதையும் எழுதிவிடுகிறேன். மாலையில் கழுத்து உடுப்பறைக்கு வந்தான். அழுக்கு மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து இஸ்திரிப் பெட்டியைக் கிட்டத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டேன். அவன் என்னடாவென்றால், "அண்ணே, நிஜமாவே அவர் என் பேர எழுதியிருந்தாரா?" என்றான்.

"எழுதியிருந்தார்ப்பா."

"ரெண்டு கோடு போட்டா?"

"ரெண்டு கோடு."

"பதினோரு வருஷம்ணே. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நல்லாச் செஞ்சேடான்னு சொன்னதில்ல அந்த ஆளு. பதவி கிடக்குது விடுங்க, உங்க மருமகன் நல்லவன், அவனே பாக்கட்டும். எனக்கு அந்தக் கோடு போதும்." சொல்லிவிட்டு என் துவைத்த துண்டு ஒன்றை எடுத்து மூக்கைச் சிந்தினான். எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. தோளைத் தட்டிக்கொடுத்தேன். கழுத்தைத் தட்டலாமென்றால் இடமில்லை. படகு திரும்புகிற அன்று துறைக்கே போய்ப் பெரிய கோச்சை நேரில் பார்த்து நன்றி சொல்லப்போகிறானாம். பாசக்காரன், போகட்டும், நமக்கென்ன!

மற்ற ஏற்பாடுகளையும் முடித்துவிட்டேன். உன் அம்மாவிடம் சொன்னேன். தெருவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதுகில் 'தலைமைப் பயிற்சியாளர்' என்று அச்சடித்த மேல்சட்டை ஒன்று உன் அளவுக்குத் தயார். கடல் கடந்து ஒரு கிளப்காரர்கள், உன்னைத் தங்களுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வரச்சொல்லி நீ யோசித்துச் சொல்கிறேன் என்றாயாமே, அவர்கள் நீ கொடுத்திருந்த உடுப்பறை நம்பருக்குப் பேசினார்கள். இங்கே கிடைக்காவிட்டால் அங்கே போகலாமென்று வைத்திருந்தாயாக்கும். "எங்க மருமகன் ஒரு நாட்டுக்கே கோச்சு, உங்க தெருமுனை கிளப்புக்கு வேற ஆளப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர்களும் மரியாதையாகப் பார்க்கிறோம் என்றார்கள். இனி உனக்கு அந்தத் தொல்லை இல்லை.

மைதானத்தில் உன் சொல் எடுபடவும், உன் பையன்கள் பல் முப்பத்திரண்டோடும் ஊர் திரும்பவும், உன் வீட்டில் சிரிப்பு குறையாதிருக்கவும் மாமனும் அத்தையும் மனசார வாழ்த்துகிறோம். உன் குழுவில் எல்லாருக்கும் என் விசாரிப்பைச் சொல். அழுக்கை அங்கேயே மூட்டை கட்டி வை, வேறு யாரிடமும் துவைக்கக் கொடுக்காதே.

இப்படிக்கு,
உன்னை ஆளாக்கிய மாமன்

பின்குறிப்பு: இந்தக் கடித உறையை ஒட்டுவதற்குள் மூன்று வாரமும் ஓடி, படகே திரும்பிவிட்டது. சின்னதாக ஒரு மாறுதல். பெரிய கோச்சுக்குப் பிரிவுபசாரக் கூட்டம் வைத்தார்கள். கழுத்து துறையில் படகைத் தவறவிட்டுவிட்டு, கூட்டத்துக்கே ஓடிவந்து, மேடையேறி, அத்தனை பேர் முன்னால் அவரைக் கட்டிப்பிடித்து, "என் பேர எழுதினீங்களே, இது போதும் எனக்கு" என்று அழுதான். பெரிய கோச் அவனைப் பிரித்து நிறுத்தி, "எவன்டா சொன்னது? நான் எழுதினது நம்ம உடுப்பறைக்காரரோட மருமகன் பேர" என்றார். மைக் வேலை செய்துகொண்டிருந்தது. ஆம் மருமகனே, கூழாய்ப் போன அந்த உறையில் இருந்தது உன் பெயரேதான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த முறை யாரும் எழுந்து நிற்கவில்லை.

அங்கேயே மேடைக்குப் பின்னால் செயற்குழு கூடியது. கோச் கேட்ட ஆள் என்பதால் உன் நியமனம் ரத்து. கழுத்தைப் போடலாமென்றால் பதினோரு காரணம் குறிப்பேட்டில் குத்திக்கொண்டு நிற்கிறது. பெரிய கோச் கையெடுத்துக் கும்பிட்டு, "என்னமோ பண்ணிக்குங்க, என்ன விட்டாப் போதும், நான் வீட்டுக்குப் போறேன்" என்றார். பாவம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உடனே ஒருமனதாக இரண்டு வருடப் பதவி நீட்டிப்பு. அவருடைய இடத்துக்கு அவரே வாரிசு. ஆலோசகர் அவரை 'இப்போதே தயார்' கட்டத்துக்கு இழுத்துவிட்டார். கழுத்து என்னோடு பேசுவதில்லை. ஆனாலும் நேற்று பெரிய கோச் அவனைக் கூப்பிட்டு, "நல்லாத்தான்டா செய்யற, அழுது தொலைக்காத" என்றாராம், அப்போதிலிருந்து முட்டியில் காற்றடைத்தவன் மாதிரி துள்ளிக்கொண்டு திரிகிறான். கிளப்காரர்களுக்கு நானே திரும்பப் பேசினேன். அவர்கள் ஊர் டவரும் என் நம்பருக்கு மட்டும் மோசமாகிவிட்டது. உன் மேல்சட்டையிலுள்ள எழுத்தை எடுக்க அறுபது டிகிரியில் மூன்று முறை போட்டேன். போகவில்லை. நல்ல அச்சு.

நீ கலங்காதே. இரண்டு வருடம் கழித்து மறுபடி உறை கேட்பார்கள். அதற்குள் பெரிய கோச்சுக்கு உன்னைக் கண்டாலே ஆகாமல் போய்விட வேண்டும், அப்போது அவர் கழுத்தின் பெயரை எழுதுவார், பதவி தானாக உன்னிடம் வரும். இதில் நீ ஒரு துரும்பையும் அசைக்க வேண்டாம். நீ எழுதியது மாதிரியே ஒரு கடிதம் எழுதி இன்று காலை அவர் மேசையில் வைத்துவிட்டேன். கையெழுத்து அச்சு அசல் உன்னுடையது. வசவுகள் மட்டும் உன் அத்தையிடம் கேட்டு எழுதியவை.