பீரோ விழுந்த காலின் க்ஷேம சமாசாரம்

கீழச் சித்திரை வீதி,
ஸ்ரீரங்கம்.

சிரஞ்சீவி மைத்துனன் ஹ்ருஷிகேஷுக்கு, அத்திம்பேர் சேஷு அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. பெருமாள் க்ருபையில் இங்கு நானும் உன் அக்கா கோதைநாயகியும் க்ஷேமம். என் வலது காலும் க்ஷேமம் என்பதைத் தனியாகத் தெரிவிக்கவே இக்கடிதம். ஒரு மாதமாக நீ போனை எடுக்காததால் தபாலில் எழுத நேர்ந்தது.

வீடு மாற்றின அன்று மாடிப்படியில் நாம் இருவரும் தூக்கிய இரும்பு பீரோ என் பாதத்தில் விழுந்ததும், நீ பயந்துபோய் அன்றைக்கே பெங்களூரு பஸ் ஏறியதும் நீ அறிந்ததே. அதற்கப்புறம் பட்ட பாடு உனக்குத் தெரியாது. திருச்சி ஆஸ்பத்திரியில டாக்டர் அடைக்கலராஜ் கம்பி வச்சு எலும்பைச் சேர்த்துட்டு, "நசுங்கின சதைக்கு ரத்தம் போகலைங்க, கட்டைவிரலோட மூணு விரல் கறுக்குது, தேறலைன்னா எடுத்துடணும்"னார். பெருமாள் பல்லக்கு சுமக்கற ஸ்ரீபாதம்தாங்கிக்குக் கட்டைவிரல் போனா தோள்ல பாரத்தோட நிக்கவே முடியாதேடா. இருபத்தாறு வருஷ கைங்கர்யம். அப்புறம் அவரே, "அழுத்தம் கூட்டி ஆக்ஸிஜன் நிரப்பின, ஆள் படுக்கற பெரிய குழாய்க்குள்ள தினம் ஒன்றரை மணி நேரம் படுங்க, அந்த ஆக்ஸிஜன் ரத்தத்துல கரைஞ்சு சதைக்குப் போகும், பார்ப்போம்"னார்.

முதல் நாள் தலைக்கு நல்லெண்ணெய் தடவி, பச்சைக் கற்பூரத்தை இடுப்புல முடிஞ்சுண்டு போனேன். நர்ஸ் மஹ்ஜபீன் மோந்தே பிடிச்சுட்டா. "மாமா, உள்ள அவ்வளவும் ஆக்ஸிஜன். எண்ணெய், கற்பூரம் ஆகாது, பத்திக்கும்"னா. கற்பூரம் இல்லாம நான் எங்கேயும் போனதில்லைன்னேன். "அப்ப இதுதான் முதல் தடவை"ன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டா. மறுநாள் சீயக்காய் தேய்ச்சுக் குளிச்சு, அவ குடுத்த பருத்தி அங்கியோட உள்ளே படுத்தா, ரெண்டு காதும் அடைச்சுண்டுது. "எச்சில் முழுங்குங்க மாமா"ன்னு மைக்ல சொல்றா. பயத்துல நாக்கு வறண்டு கிடக்கு, எச்சிலுக்கு எங்கே போறது? கண்ணை மூடி, நெய் ஒழுகற அக்காரவடிசலை நினைச்சேன். காது திறந்துண்டுது. இருபது நாள் படுத்தேன், இருபது நாளும் காதுக்கு அதே வைத்தியம்தான். அந்த அக்காரவடிசல்ல ஒரு பருக்கை சாப்பிடலை, ரெண்டு கிலோ ஏறியிருக்கேன்.

முந்தாநாள் டாக்டர் கட்டைவிரல்ல ஊசியால குத்தினார். ஐயோன்னு கத்தினேன். "வலிக்குதுங்களா?"ன்னார். நன்னா வலிக்கறதுன்னேன். "அப்ப மூணு விரலும் பொழைச்சிடுச்சுங்க"ன்னார். வலிச்சதுக்காக சந்தோஷப்பட்டு அழுதவன் நான் ஒருத்தன்தான் இருப்பேன். கோதையும் அழுதா. ஆறு மாசத்துல பல்லக்கு தூக்கலாமாம். உசிர் திரும்பி வந்த மாதிரி இருக்குடா.

ஆகையால், பிடியை விட்டுட்டோமேன்னு நீ இனி குமைய வேண்டாம். உன்னை மனப்பூர்வமா மன்னிச்சுட்டேன். உன்மேல கொதிச்சுண்டிருந்த உன் அக்காவையும், "சின்னப் பையன், கை நழுவிடுத்து, போனாப் போறது"ன்னு நான்தான் சமாதானப்படுத்தினேன்.

நீ தீர்க்காயுசாக இருக்க ரங்கநாதன் திருவடியில் பிரார்த்திக்கும்,
அத்திம்பேர் சேஷு.

பி.கு.: நேத்து ராத்திரி கவரை ஒட்டப் போனவன் நிறுத்திட்டேன். நீ பிடியை விடலைடா. தோள்ல பீரோ பாரம் ஏறினதும் என் கால் தானா பல்லக்கு நடை போட்டுடுத்து, இடமும் வலமுமா அசைஞ்சதுலதான் பீரோ நழுவிடுத்து. பல்லக்குல எல்லாரும் சேர்ந்து அசைவோம். பின்னால நின்ன நீ பாவம், என்ன கண்டே? விரல் போயிடுமோன்னு இருந்தவரைக்கும் இதைச் சொல்லத் தைரியம் வரலை. மன்னிச்சுக்கோடா. கோதைகிட்ட இன்னிக்குக் காலையிலே சொல்லிட்டேன். அடுக்களைக் கதவைச் சாத்திண்டவ இன்னும் வெளியில வரலை. சீக்கிரம் புறப்பட்டு வா, உன்னைச் சாக்கு வச்சாவது எனக்கு ஒரு வாய் சாதம் கிடைக்கும்.