எட்டாம் வகுப்பு 'பி' பிரிவின் கேமரா

வகுப்பறைக் கேமராவை உலக வரைபடத்தால் மூடிவிட்டு பெஞ்சிலிருந்து இறங்கிய பிறகுதான் பிலோமி டீச்சருக்கு மூச்சே வந்தது.

முத்தையாபுரத்துப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு அவள் பொறுப்பு. கேமரா மாட்டி ஒரு வாரமாகிறது. சும்மா அழகுக்குத் தொங்குகிறது என்றுதான் நினைத்திருந்தாள். அது திங்கட்கிழமையே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, வகுப்பில் நடப்பதைப் பெற்றோர் தங்கள் போனிலேயே பார்க்கலாம் என்று இன்று காலைதான் தலைமையாசிரியர் வில்பிரட் சுற்றறிக்கை விட்டார்.

நேற்று மதியம் சரியாக அந்தக் கேமராவுக்குக் கீழே நின்றுதான் இசக்கிசெல்வி அழுதாள். கணக்கில் பதினேழு மார்க். ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தை அவளே போட்டிருந்தாள். ஒருவரிடமும் சொல்லமாட்டேன் என்று பிலோமி மாதா மேல் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

அவசரத்தில் வரைபடத்தின் படமுள்ள பக்கம் கேமராவைப் பார்க்கும்படி மாட்டிவிட்டாள். பத்தாவது நிமிடத்தில் பள்ளிக்குப் போன் மேல் போன். பிள்ளைகளைக் காணோம், பசிபிக் பெருங்கடல்தான் தெரிகிறது என்றார்கள் பெற்றோர்.

வில்பிரட் வந்து வரைபடத்தை அவரே கழற்றினார். கோபப்படவில்லை. திங்கட்கிழமையிலிருந்து நடந்ததெல்லாம் பதிவாகியிருக்கும், வேலைக்குப் போகிறவர்கள் சாவகாசமாகப் பின்னால் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெருமையாக விளக்கினார்.

ஒரே ஒரு மதியத்தை மட்டும் அழிக்க முடியுமா என்று பிலோமி கேட்டாள். எந்த மதியம் என்று அவர் போனை ஆவலோடு எடுத்தார். சும்மாதான் கேட்டேன் என்று அவள் நழுவினாள்.

இனி ஒரே வழி, இசக்கிசெல்வியின் அப்பா ஆறுமுகநயினாரைப் பார்த்துப் பேசுவதுதான். சாயங்காலம் நேரே அவருடைய பலசரக்குக் கடைக்குப் போனாள்.

"நீங்க வருவியன்னு நெனச்சேன் டீச்சர்," என்றார் அவர். "நேத்து நடந்தத போன்ல ஓட்டிப் பாத்தேன். புள்ள அப்படி அழுதா."

பிலோமி கடை வாசலிலேயே கைகூப்பினாள்.

"அண்ணாச்சி, அவள அடிச்சிராதிய. பயந்துபோய்தான் உங்க கையெழுத்த அவளே போட்டுட்டா."

பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த ஆறுமுகநயினாரின் கை அப்படியே நின்றது. கோபம் இன்னும் அடங்கவில்லை போலும் என்று பிலோமி நினைத்தாள். பதினேழு மார்க் ஒன்றும் உலக மகா பாவமில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கணக்குச் சொல்லித்தருவதாகச் சொன்னாள். அவர் பொட்டலத்தைக் கட்டாமல் அப்படியே கீழே வைத்தார். ஆகவே, நேற்று அவள் அழுதுகொண்டே சொன்ன இன்னொன்றையும், டியூஷனுக்கு மட்டம் போட்டுவிட்டு ஆறு நாள் கபடி ஆடப் போனதையும் மன்னிக்கச் சொன்னாள். பிள்ளை நன்றாக ஆடுகிறாள், மாவட்ட அணியிலேயே எடுப்பார்கள் என்று மன்றாடினாள்.

ஆறுமுகநயினார் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். அடிக்கமாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

பிலோமிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நல்ல வேளை அண்ணாச்சி, நீங்க எல்லாத்தையும் முன்னாடியே கேட்டுட்டிய. இல்லன்னா நான் புள்ளைக்குக் குடுத்த சத்தியத்த மீறுன மாதிரில்லா ஆகியிருக்கும்."

உள்ளே பருப்பு அளந்துகொண்டிருந்த அவர் மனைவி சண்முகத்தாய் எட்டிப் பார்த்தாள்.

"அதுல படம் மட்டுந்தான் வரும் டீச்சர். சத்தம், இப்ப நீங்க வந்தப்புறந்தான் கேக்கு."