நான் வாசிக்காத கிட்டார்

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். வாசகர் கடிதம் பகுதியில் போட்டுவிடாதீர்கள். ‘பெயர் வெளியிட விரும்பாத மாணவி, மட்சுமோட்டோ’ என்றுகூடப் போடாதீர்கள். இந்த ஊரில் உங்கள் பத்திரிகையை வாங்கும் பள்ளி மாணவி நான் ஒருத்திதான் என்பது ஸ்டேஷன் புத்தகக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழிப்பதற்கு முன்னால் பதில் மட்டும் எழுதுங்கள்.

மலை உச்சியில் முதல் பனி விழுந்து, தோட்டங்களில் ஆப்பிள் சிவந்து நிற்கும் இந்த நாட்களில் தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் என்றால் பருவத்தைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று எங்கள் மொழி ஆசிரியை சொல்லியிருக்கிறார். நான் நலமாக இல்லை.

என் பெயர் மொமோசே சிஹோ, உயர்நிலைப் பள்ளி முதல் வருடம். அப்பா கிட்டார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். கிட்டாரின் கழுத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அவருடைய பிரிவு, இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. ஏப்ரலில் நான் பள்ளியில் சேர்ந்த அன்று, அவரே தேய்த்த கழுத்தோடு ஒரு கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று வாரம் உண்மையாகவே முயன்றேன். விரல் நுனி எரிந்தது, சாப்பாட்டுக் குச்சியைப் பிடிக்க முடியவில்லை, கம்பியை அழுத்தினால் சுரத்துக்குப் பதிலாக ‘டப்’ என்று பலகைச் சத்தம் வந்தது. நான்காவது வாரம் அதைச் சுவரில் மாட்டிவிட்டேன். ஆனால் அப்பா தினமும் எட்டு மணிக்குக் கீழே குளியல் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு, மேலே என் அறையிலிருந்து சத்தம் வருகிறதா என்று காத்திருப்பார். வராத நாளில், “ஏன், பிள்ளைக்கு உடம்பு முடியலையா?” என்று அம்மாவிடம் கேட்பார். எத்தனை நாள்தான் உடம்பு முடியாமல் இருக்க முடியும்? லேப்டாப்பில் இசை மென்பொருள் இருந்தது. அதில் கிட்டார் ஒலியும் இருந்தது. அன்று எட்டு மணிக்கு அதில் ஒரு பாட்டைப் போட்டு ஓடவிட்டேன். கீழேயிருந்து அப்பா கத்தினார்: “சிஹோ! என்னம்மா இது, கொடிக்கம்பத்துல தகரத்தக் கட்டித் தட்டுற மாதிரி இருக்கு!”

அந்த வாரம்தான் உங்கள் மே மாத இதழ் கண்ணில் பட்டது. ‘கணினியில் உயிருள்ள கிட்டார், முதல் பகுதி.’ அதில் இருந்ததையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன், ஐயா. நிஜக் கை ஆறு கம்பியையும் ஒரே கணத்தில் தொடாது, வழித்துக்கொண்டு போகும், அதனால் ஒவ்வொரு சுரத்தையும் முந்தையதைவிட ஒரு மயிரிழை தள்ளி வை என்றீர்கள், வைத்தேன். கை திரும்பி மேலே வரும்போது மெல்லிய மூன்று கம்பிகள் மட்டும் லேசாகப் படட்டும் என்றீர்கள், படவிட்டேன். எந்த இரண்டு வீச்சும் ஒரே பலத்தில் இருக்கக் கூடாது, நடுநடுவே விரல் கம்பியில் உரசும் கீச்சொலி வேண்டும், எங்காவது ஓரிடத்தில் தாளம் கொஞ்சம் பின்தங்க வேண்டும் என்றீர்கள். ஒரு நிமிடப் பாட்டுக்கு நான்கு நாள் மவுஸைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு ஓடவிட்டதும் குளியலறையிலிருந்து, “கை திரும்பறப்ப ரொம்ப அடிக்கிற, மணிக்கட்டத் தளர்த்து!” என்று குரல் வந்தது. தளர்த்தினேன். அதாவது நூற்று நாற்பது சுரங்களின் பலத்தை ஒவ்வொன்றாகக் குறைத்தேன். மறுநாள், “ஆ! இப்பதான் கை பேசுது!” என்றார். இந்த ஊரிலேயே மிக நல்ல கிட்டார் பயிற்சி என் மவுஸுக்குத்தான் கிடைத்தது.

பொறுங்கள், படிக்கட்டில் சத்தம்.

இல்லை, ஃபிரிட்ஜ்தான். எங்கே விட்டேன்? விரல். செப்டம்பரில் ஒருநாள் சாப்பிடும்போது அப்பா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “அஞ்சு மாசமா வாசிக்கிற, விரல் இன்னும் மோச்சிக் கொழுக்கட்டை மாதிரி மெத்துனு இருக்கே?” அம்மா சூப்பை ஊற்றிக்கொண்டே, “அது எங்க பக்கத்துத் தோல். உங்க பக்கத்துத் தோலா இருந்தா ஆமை ஓடு மாதிரி ஆகியிருக்கும்” என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் சீப்பின் பல்லில் பத்து நிமிடம் விரலை அழுத்திக்கொள்கிறேன். கிட்டார் வாசிப்பதைவிட இது வலிக்கிறது.

இதுவரை வீட்டோடு போயிற்று. பள்ளி இசைக் குழுவில் நான் கீபோர்டு வாசிக்கிறேன். கலைவிழாவுக்காக நான் அதே மென்பொருளில் ஒரு பாட்டு அமைத்து, ரெக்கார்டிங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குழுத் தலைவி ஃபுரிஹாதா அக்கா மூன்றாம் வருடம், பாடுகிறவர். கேட்டு முடித்துவிட்டுக் கண்ணை மூடியபடியே, “கிட்டார் யாரு?” என்றார்.

“நான் வாசிக்கலைக்கா” என்றேன். உண்மையைச் சொன்னேன், ஐயா! இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

“பாருங்கப்பா, இதுக்குப் பேருதான் அடக்கம்!”

“இல்லக்கா, நெஜமாவே. எனக்குக் கிட்டார் சுத்தமா வராது.”

“வராதாம்! வராதவ கை இப்படித்தான் இருக்குமாம்!”

மூன்றாவது முறை, இடுப்பு வரை குனிந்து, தரையைப் பார்த்துச் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். ஃபுரிஹாதா அக்காவே மாவட்டப் போட்டியில் முதல் பரிசைக் கையில் வைத்துக்கொண்டு, “எனக்குப் பாடவே வராதுங்க” என்று சொன்னவர்தான். நன்றாக வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அப்படியென்றால் உண்மையிலேயே வராதவள் என்ன சொல்வது? நான்காவது முறை நான் சொல்லவில்லை. அதுதான் என் குற்றம். கைதட்டல் நன்றாக இருந்தது.

விழாவில் கிட்டார் வாசிக்க வேண்டியவர் தொகுதாக்கே அண்ணன், அவரும் மூன்றாம் வருடம். என் ரெக்கார்டிங்கைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும்படி அவரிடம் கொடுத்தார்கள். நான்காவது வரியில் ஒரு இடம் அவருக்கு வரவில்லை. மூன்றாம் வருட அண்ணன் முதல் வருடப் பெண்ணிடம் போய், “இதை எப்படிப் பிடிக்கணும்?” என்று கேட்க முடியுமா? கேட்கவில்லை. இரண்டு வாரம் மாடிப்படிக்கு அடியில் தனியாக உட்கார்ந்து, கட்டைவிரலைக் கழுத்துக்குப் பின்னாலிருந்து வளைத்து, சுண்டுவிரலை இழுத்து, கம்பியைத் தளர்த்தி, முறுக்கி, என்னென்னவோ செய்தார். அந்த இடத்தை நான் சிறுவயதில் பியானோவில் கற்ற ஞாபகத்தில் போட்டிருந்தேன். அதில் வரும் இரண்டு அடிச்சுரங்களும் கிட்டாரில் ஒரே கம்பியில்தான் இருக்கின்றன. ஒரு கம்பி ஒரே நேரத்தில் இரண்டு சுரம் தராது. அதை வாசிக்க மனிதக் கையால் முடியாது. ‘பியானோ வாசிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு’ என்று நீங்கள் இதை எச்சரித்திருக்கிறீர்கள். ஆனால் ஜூன் இதழில், இரண்டாம் பகுதியில் எச்சரித்திருக்கிறீர்கள்! ஜூன் இதழ் எங்கள் ஸ்டேஷன் கடைக்கு வரவே இல்லை. பள்ளி நூலகத்தில் போன வாரம்தான் பார்த்தேன். ஆபத்தானதை முதல் பகுதியிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

புதன்கிழமை தொகுதாக்கே அண்ணன் இடது கையில் பட்டை சுற்றிக்கொண்டு வந்தார். தசை பிசகிவிட்டதாம். என் எதிரில் நின்று தலை குனிந்து, “மொமோசே, என்னால முடியல. அதை நீயே வாசி. உன் கைய ஒருதடவ கிட்டத்துல பாக்கணும்” என்றார். மூன்றாம் வருட அண்ணன் எனக்குத் தலை குனிந்தார்! “நான் வாசிக்கலைண்ணா” என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. “இவ்வளவு வாசிச்சும் இப்படிப் பேசுறியே” என்றார்.

இதற்குள் எங்கள் அம்மாவுக்கும் ஃபுரிஹாதா அக்காவின் அம்மாவுக்கும் பேச்சு நடந்து, நான் மேடையில் கிட்டார் வாசிக்கப்போகிறேன் என்று அப்பாவுக்கு விஷயம் போய்விட்டது. இன்று வியாழன். நாளை மறுநாள் சனிக்கிழமை, கலைவிழா. கழுத்துப் பிரிவு முழுவதும், பதினோரு பேர், சாப்பாட்டுப் பெட்டியோடு வருகிறார்கள். வேறு யாராவது என்றால் முகத்தைப் பார்ப்பார்கள், உடையைப் பார்ப்பார்கள். இந்தப் பதினோரு பேரும் இடது கையை மட்டும்தான் பார்ப்பார்கள். அப்பா ராத்திரி சாப்பிடும்போது, “முன்வரிசைல உக்காரட்டுமா, இல்ல உனக்குக் கூச்சமா இருக்குமா?” என்று கேட்டார். இருபத்திரண்டு வருடம் தேய்த்த கழுத்துகளில் ஒன்றையாவது யாராவது மேடையில் பிடித்து வாசித்து அவர் பார்த்ததில்லையாம்.

ஐயா, நான் கேட்பது ஒன்றுதான். ‘நான் வாசிக்கவில்லை’ என்பதை அடக்கமாகத் தெரியாத மாதிரி எப்படிச் சொல்வது? அப்பாவிடம் முதலில் அதைச் சொல்ல வேண்டும். தபால் போய்த் திரும்புவதற்குள் விழாவே முடிந்துவிடும் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். நாளைக் காலை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடுவேன். லேப்டாப்பில் இருக்கும் அந்தப் பாட்டுக் கோப்பை அழித்துவிடுவேன். இனி இந்த மென்பொருளைத் திறக்கவே மாட்டேன், தங்கள் பத்திரிகையையும் வாங்க மாட்டேன். தவறாக நினைக்காதீர்கள்.

குளிர் கூடுகிறது, தாங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். கட்டுரை எழுதியவருக்கும் என் வணக்கம், அவர் மேல் கோபமில்லை.

தலை தாழ்த்தி,
மொமோசே சிஹோ

பின்குறிப்பு: கோப்பை அழிப்பதற்காகத் திறந்தேன். அழிக்கும் முன் ஒரே ஒருமுறை கேட்டேன். ஒன்பதாவது வரியில் இரண்டாவது வீச்சு முதல் வீச்சின் பலத்திலேயே இருந்தது, இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்! அதைக் குறைத்து, கடைசிச் சுரத்தை ஒரு மயிரிழை தாமதப்படுத்தினேன். ஐயா, மூச்சுவிடுகிற மாதிரி இருக்கிறது. ஹெட்போனை மட்டும் நம்பாதே, ஸ்பீக்கரிலும் கேள் என்று எழுதியிருந்தீர்களே, மெதுவாக வைத்து ஸ்பீக்கரிலும் கேட்டேன். இதை அழிக்க முடியாது. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். டிசம்பர் இதழில் கீச்சொலி பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாக

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

“சிஹோ, முழிச்சிருக்கியா? இப்ப வாசிச்சியே, அந்தக் கடைசி இடம்... ரொம்ப நல்லா இருந்துச்சும்மா.”

ஸ்பீக்கரை அணைத்தேன்.

“சனிக்கிழமைக்குப் புதுக் கம்பி போடலாம்னு, நீ குளிக்கப் போனப்பவே உன் கிட்டாரக் கீழ எடுத்துட்டுப் போயிட்டேன். இதோ, என் கையிலதான் இருக்கு.”

திரும்பிச் சுவரைப் பார்த்தேன். ஆணி மட்டும் இருக்கிறது. கதவு திற