பொங்கலுக்கு வந்த பழ ஈக்கள்

புது மருமகள் பகலில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், அழுகிறாள் என்றோ, அம்மாவுக்கு ஃபோன் போட்டு மாமியாரைப் பற்றிப் புகார் சொல்கிறாள் என்றோதான் நினைப்பார்கள். என்னைப் பற்றி அப்படி நினைத்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

அப்போது நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. பழ ஈயின் மூளையில் சில நரம்பணுக்கள் ஒரு புரதத் துணுக்கைச் சுரக்கின்றன. எப்போது சுற்றுவது, எப்போது ஓய்வது என்ற ஒழுங்கு குலையாமல் இருப்பது அதனால்தான். அது இல்லாமல் பிறந்த ஈக்களைத் தொடர்ந்து இருட்டில் வைத்தால், கொஞ்ச நாளில் ராத்திரி பகல் தெரியாமல் கண்ட நேரத்தில் திரியும், கண்ட நேரத்தில் தூங்கும். என் ஆய்வில் ஓர் அத்தியாயமே அந்த ஈக்களை நம்பி இருந்தது.

கல்யாணமான முதல் பொங்கல், மல்லசமுத்திரத்தில் மாமியார் வீட்டில். கல்லூரியிலோ விடுமுறையில் வயரிங் வேலை, கரண்ட் இருக்காது என்றார்கள். ஒவ்வோர் ஈயையும் ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து, நடமாட்டத்தைப் பதிவு செய்யும் கருவியோடு சேர்த்துக் கறுப்புத் துணி சுற்றி எடுத்துப் போனேன். (பொங்கல் சீர் என்று நினைத்து மாமனார் ஆசையாக வாங்கி உள்ளே வைத்தார்.)

கருவி தானே பதிவு செய்யும். நான் எட்டிப் பார்க்கவே வேண்டியதில்லை. ஆனால் உட்கார முடிந்தால்தானே. செத்துவிட்டதோ, உணவு காய்ந்துவிட்டதோ, ஜன்னல் இடுக்கில் வெளிச்சம் வருகிறதோ. கரும்பை ஒரு கடி, உள்ளே ஓட்டம். கோலத்தில் பாதி, மறுபடி ஓட்டம். சிவப்பு வெளிச்சம் ஈக்கு அவ்வளவாகத் தெரியாது என்பதால் சிவப்பு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "நடங்கடா, கொஞ்சம் நடங்கடா" என்று கெஞ்சுவேன்.

கதவிடுக்கில் இதைப் பார்த்தவர் அத்தையின் தங்கை, சின்னத்தை.

"அக்கா, உன்ற மருமவ இருட்டுல என்னமோ பூசை பண்றா. எனக்குச் சரியாப் படல."

கதவு திறந்தது. அத்தை டியூப்லைட்டைப் போட்டார். சின்னத்தை ஒரே இழுப்பில் கறுப்புத் துணியை உருவினார்.

"லைட்டை அணைங்க" என்று நான் போட்ட அலறலில், போர் போடும் ரிக் லாரி ஷெட்டிலிருந்து மாமா ஓடி வந்தார். அதுவரை அந்த வீட்டில் என் குரல் சமையலறையைத் தாண்டியதில்லை. அத்தை பயந்து அணைத்தார். நால்வரும் இருட்டில் நின்றோம்.

"என்ன சாமி அது?" என்றார் மாமா.

"ஈங்க மாமா."

வெளிச்சம் பட்டால் அத்தனை நாள் பாடும் வீண் என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மாமா பொறுமையாகக் கேட்டார்.

"அதுக மூளையில இல்லாத அந்தச் சரக்குக்குப் பேரென்ன?"

"பிடிஎஃப்புங்க மாமா."

"இதுக்கா அழுவற? நம்ம ரிக் ஆபீஸ்ல சொன்னா வாட்ஸப்புல அனுப்பி உட்டுருவாங்க."

அழுகைக்கு நடுவில் நான் சிரித்துத் தொலைத்தேன். அத்தைக்கு இன்னொரு சந்தேகம்.

"அது இல்லீன்னா நேரங்காலம் தெரியாமத் தூங்குமா சாமி?"

"ஆமாங்க அத்தை."

அவர் கூடத்தைப் பார்த்தார். பொங்கல் பொங்கி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் என் வீட்டுக்காரர் அங்கே போர்வைக்குள் கிடந்தார். "இவனையும் கொண்டுபோயி உன்ற காலேசுல காட்டு."

ஆய்வை முதலிலிருந்து தொடங்கினேன். (என் வழிகாட்டி சொன்னதை இங்கே எழுத முடியாது.) ஒருவழியாகப் பட்டமும் வாங்கினேன்.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் நெருங்கியும் மாப்பிள்ளை எழவில்லை என்று மண்டபமே பதறியது. சின்னத்தை எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்:

"பயப்படாதீங்க, பிடிஎஃப் இன்னும் எறங்கல. எங்க டாக்டரம்மாவக் கூப்புடுங்க."