மாமா டார்ச்சருக்கு அர்த்தம் கேட்டார்

எம்.ஏ. ஆங்கிலம் முதலாண்டு படிக்கிறவனிடம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்பது, வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வதற்குச் சமம். 2006இல் அண்ணாமலை நகர் விடுதியில் அப்படி ஓர் ஓணான் வாழ்ந்துவந்தது. அது நான்தான்.

டீக்கடையில் பிஸ்கட் கேட்டால்கூட அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஆரம்பித்துவிடுவேன். (அறைத்தோழன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கினான். கொசுவுக்காக என்று நினைத்திருந்தேன்.)

அந்தச் சமயத்தில்தான் அக்கா புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு, பெட்டியோடு கடலூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமாவுக்கு செம்மங்குப்பம் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிற வேலை. அதை வீட்டிலும் கொடுத்தார். அக்கா கடுகு தாளித்தால் போதும், விசில் ஊதி எல்லோரையும் வாசலுக்கு ஓடச் சொல்வார். (எல்லோரும் என்றால் அக்கா ஒருத்திதான்.) கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகள் வாழாமல் இங்கேயே இருந்துவிடுவாளோ என்ற பயத்தில் அப்பாவுக்குச் சோறே இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா தலைமையில் சமாதானப் பேச்சு. மாமாவும் வந்திருந்தார், விடுதியிலிருந்து நானும்.

"டார்ச்சர் தாங்கல பெரியப்பா. நான் இனிமே அங்க போமாட்டேன்" என்றாள் அக்கா.

மாமாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "டார்ச்சரா? எவ்ளோ பெரிய வார்த்த அது! மச்சான், நீ இங்கிலீஷ் படிக்கிறவன், நீயே சொல்லு. விசில் ஊதுறது டார்ச்சரா?"

ஆமாம் அல்லது இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். நான் எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன்.

"அது லத்தீன்லேர்ந்து வந்தது மாமா. முறுக்குறதுன்னு அர்த்தம். கைய கால கயித்துல கட்டி முறுக்குவாங்க. டார்மென்ட்டும் அதே வேர்தான். அது மொதல்ல சண்டைல கல்லெறியிற மிசினு. கயித்த முறுக்கி வுட்டா கல்லு பறக்கும்..."

"யாரு மேலடா கல்லு?" என்றார் பெரியப்பா.

புரியவில்லை போலிருக்கிறது, செய்து காட்டிவிடுவோம் என்று தோன்றியது. கயிறு தேடினேன். பெரியப்பா தோளில் துண்டு தொங்கியது. (பெரியவர் தோள் துண்டைச் சபையில் உருவக் கூடாது என்று எந்த எம்.ஏ.விலும் சொல்லித்தருவதில்லை.) உருவினேன். மாமாவின் மணிக்கட்டில் சுற்றினேன். வேர்ச்சொல் நன்றாக விளங்கும்வரை முறுக்கினேன்.

மாமா அலறிய அலறலில் பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டார்கள்.

"டேய், வுடுறா! அது அவுருக்கு சுளுக்குன கைடா!" என்று பாய்ந்து வந்த அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அந்தக் கையைத் தேய்த்துவிட்டபடி, "வலிக்குதாங்க?" என்றாள். வந்த நாளிலிருந்து 'அந்தாளு'வாக இருந்தவர் 'ஏங்க' ஆகிவிட்டார். "கெளம்புங்க, நம்ம வூட்டுக்குப் போலாம். இந்தக் கிறுக்கனுக்கு உங்க விசிலே தேவல."

பெரியப்பா துண்டை வாங்கி உதறிக்கொண்டு வெளியேறினார். பொங்கல் வரைக்கும் என்னோடு பேசவில்லை. அப்பா மட்டும் அன்று மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அவமானத்தில் அழுகை முட்டியது, அப்பா சாப்பிடுவதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது.

அதன் பிறகு எங்கள் சொந்தத்தில் எந்தப் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டாலும், "தம்பிய வரச் சொல்லட்டா, அர்த்தம் சொல்லுவான்" என்பார்கள். சண்டை அங்கேயே நின்றுவிடும். என் மனைவி ஒருமுறை கோபித்துக்கொண்டு சிதம்பரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அக்காவைத்தான் தூது பேசச் சொன்னேன். அக்கா போனில் அவளிடம் அதிகம் பேசவில்லை.

"நீ வரலன்னா அவனே நேர்ல வந்து வெளக்கம் குடுக்கறேன்றான்."

அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாள்.