இன்னாசித்தம்பி ஐயாவுக்குப் போன கேக்

ஊர்காவற்றுறை
17.05.2005

கனடாவிலிருக்கும் மிரோஜன் அண்ணைக்கு,

தங்கச்சி ஜெயந்தா எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை, ஆனபடியால் நலம் என்றே வைத்துக்கொள்ளுங்கோ. நீங்களும் நலமாயிருக்க அந்தோனியாரை மன்றாடினேன், கோபத்தோடுதான் மன்றாடினேன். அம்மாவும் அப்பாவும் படுத்தபிறகு குசினிக்குள் ஒளிச்சிருந்து எழுதுகிறேன். மெயிலில் எழுதினால் உங்கடை மெசின்தான் முதலில் வாசிக்கும், அதனால்தான் தபால்.

ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து, "அப்பாவுக்குக் கண் தெரியாதோ? இனி அவர் கேக் கொண்டுபோக வேண்டாம், வேறை ஆளைப் பிடிப்பம்" என்று சொன்னீர்கள். அப்பா சைக்கிளைத் துடைத்துச் சாக்கால் மூடி வைத்துவிட்டார். வள்ளம் இல்லாமல் போய்க் கடற்தொழில் நின்ற பிறகு அவர் வெளிக்கிட்டுத் திரிந்தது இந்த வேலையால்தான் என்று உங்களுக்குத் தெரியாதோ? இரண்டு நாளாக வேலியைப் பார்த்தபடி இருக்கிறார்.

முந்தி எப்படி இருந்தது? பள்ளிக்கூடம் விட்டதும் நான் கொம்பியூட்டர் இருக்கிற கொமினிகேசன் கடைக்குப் போய், வெளிநாட்டிலிருக்கிற எங்கடை சனம் எழுதின ஒவ்வொரு மெயிலையும் வாசித்து, பதில் போட்டு, ஊரில் யாருடைய பிறந்தநாளுக்கு என்ன கேக் என்று கொப்பியில் எழுதிக்கொண்டு வருவேன். அம்மா அவிப்பா, அப்பா கொண்டுபோவார். பிழையே வரவில்லை. நீங்கள்தான் வேலை மிச்சம் என்று புறோகிறாம் ஒன்று செய்தீர்கள். அது தானே பதில் போடும், தானே லிஸ்ட் அடிக்கும், போன வருசம் கேக் அனுப்பினவருக்கு இந்த வருசமும் தானே ஓடர் போடும். கெட்டிக்கார மெசின். மடத்துவெளி இன்னாசித்தம்பி ஐயா சித்திரையில் காலமாகிவிட்டார், இனிக் கேக் வேண்டாம் என்று அவருடைய மகன் டிலோன் பாரிசிலிருந்து எழுதியிருக்கிறார். அதற்கு மெசின் என்ன பதில் போட்டது தெரியுமோ? "உங்கள் செய்தி கண்டு பெருமகிழ்ச்சி அடைந்தோம். வருடாவருடம் இதுபோல் தொடர வாழ்த்துகிறோம்."

கேக்கும் தொடர்ந்தது. ஐயாவின் பிறந்தநாளும் அவர் செத்த முப்பத்தோராம் நாள் நினைவும் ஒரே நாளில் வந்துவிட்டன. அப்பா போகும்போது பந்தல், கதிரை, சனம், சாப்பாடு. பெரிய கொண்டாட்டம் என்று நினைத்தாராம். படத்துக்கு மாலை போட்டு மெழுகுதிரி கொளுத்தியிருந்ததையும் பிறந்தநாள் ஆயத்தம் என்றே நினைத்தாராம். பிறந்தநாள் பாட்டுப் பாடிக் கொடுக்க வேண்டும் என்று உங்கடை லிஸ்டில் இருக்கிறதே, அதனால் நடுப்பந்தலில் நின்று, கோயிலில் பாடுகிற அதே குரலில் முழுப்பாட்டையும் பாடியிருக்கிறார். ஒருவரும் கைதட்டவில்லை. வெட்கப்படுகினமாக்கும் என்று இரண்டாந்தரமும் பாடினார். பிறகு, "ஐயாவைக் கூப்பிடுங்கோ, திரியை ஊதட்டும்" என்றாராம்.

ஐயாவின் மனுசி மரியநாயகி அம்மா எழும்பி வந்து, "அவர் இருக்கிற இடம் தெரிஞ்சுதான் பாடினீரோ? அப்ப கேக்கையும் அங்கை கொண்டுபோய்க் குடும்" என்றாவாம்.

அப்பா கேக்கைக் கரியரில் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரமும் திரும்பி உழக்கி வந்தார். நேற்றுக் கோயிலில் அவரைப் பார்த்து இரண்டு பேர் அந்தப் பாட்டை முணுமுணுத்தார்கள். நீங்கள் ரொறன்ரோவில் கதிரையில் இருந்துகொண்டு கண் தெரியாதோ என்கிறீர்கள். அப்பாவிடம் உடனே மன்னிப்புக் கேளுங்கோ. மரியநாயகி அம்மாவிடமும் கேளுங்கோ. அந்த மெசினையும் நிப்பாட்டுங்கோ.

மாதாவின் காவல் உங்களோடிருக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போங்கோ.

கோபமுள்ள தங்கச்சி,
ஜெயந்தா

பி.கு: அண்ணை, ஏசாதேங்கோ. நான் வாசித்து ஓம் போட்டால்தான் பதிலும் ஓடரும் போகும் என்று நீங்கள் புறோகிறாமிலை சரி அடையாளம் போட்ட ஒரு பெட்டி வைத்திருந்தீங்கள்தானே. தவக்காலத்தில் நான்தான் அந்தச் சரியை எடுத்து, எல்லாம் தானே போக விட்டனான். கொமினிகேசனுக்குப் போற நேரத்தில் வலைப்பந்து விளையாடினனான். பெருமகிழ்ச்சி வசனமும் நான் எழுதிக் குடுத்ததுதான். ஆனபடியால் மேலே ஏசினதெல்லாம் எனக்குத்தான். நீங்கள் மெசினை நிப்பாட்ட வேண்டாம். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. விடிய எழும்பினதும் சொல்லப்போறன். வாய் வருமோ எண்டு பாக்கத்தான் முதல் உங்களுக்கு எழுதினது.