நாலு கையும் ஒரு பெஞ்சும்

வியாழக்கிழமை வந்தால் இக்னாஸுக்குக் கடையில் இருப்புக் கொள்ளாது. கையுறை வாங்க வந்த சீமாட்டிக்கு இரண்டும் இடக்கைக்கானதாகவே கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவருவார். காரணம், வென்செல். பொஹீமியாவிலிருந்து வந்து, வியன்னாவில் வீடு வீடாகப் பியானோ சொல்லிக் கொடுத்துப் பிழைக்கும் இளைஞன். சுருட்டை முடிக்காரன். அந்த முடியைத்தான் இக்னாஸால் மன்னிக்கவே முடியவில்லை. அவர் தலை வழுக்கை.

வியாழன்தோறும் மனைவி ரொசாலியா அவனிடம் பாடம் படிக்கும்போது இவர் பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சத்தம் கேட்கும்வரை கை பியானோக் கட்டையில்தானே இருக்கிறது என்று ஒரு நிம்மதி. அன்று சத்தம் இரண்டு மடங்காகக் கேட்டது. கதவைத் திறந்தார். ஒரே பெஞ்சில் இரண்டு பேர். வென்செலின் வலக்கையைத் தாண்டி ரொசாலியாவின் இடக்கை போய்க்கொண்டிருந்தது. இக்னாஸ் உள்ளே பாய்ந்தார்.

"என்ன இது?"

"நாலு கை வாசிப்புங்க. ஊரெல்லாம் இப்ப இதுதான்," என்றாள் ரொசாலியா, வாசிப்பை நிறுத்தாமல்.

"அதுல ரெண்டு கை யாரோடது?"

"வாத்தியாரோடது. பின்ன, பாதிரியாரோடதா?"

இக்னாஸ் வென்செல் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, ஆதியிலேருந்தே சங்கீதம் இப்படித்தானா?"

"இல்லீங்கய்யா. ஆதியில மடத்துல சந்நியாசிங்க எல்லாரும் ஒரே மெட்டை ஒண்ணாப் பாடுவாங்க."

"அது சங்கீதம். பொம்பளைங்க உண்டா?"

"ஆம்பளை மடத்துல ஏதுங்க?"

"பேஷ். அப்புறம்?"

"அப்புறம் ஒருத்தர் குரலை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். இன்னொருத்தர் அதுக்கு மேல வளைச்சு வளைச்சுப் பாடுவார்."

"அங்கதான் கெட்டுது. நீட்டிப் பிடிச்சவனுக்குக் கல்யாணம் ஆயிருந்துதா?"

"தெரியலீங்களே. அப்புறம் அது நாலு குரலாச்சு. ஒண்ணை ஒண்ணு துரத்திக்கிட்டு ஓடும்."

"ஓடாம என்ன செய்யும்? மேல சொல்லு."

"பிறகு நாடக மேடைக்கு வந்துது. காதல், பிரிவு, கண்ணீர்..."

"போதும்."

இக்னாஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆயிரம் வருஷமாகச் சங்கீதம் படிப்படியாக வளர்ந்ததெல்லாம், இந்த வென்செலைக் கொண்டுவந்து தன் மனைவி பக்கத்தில் உட்கார வைக்கத்தான்.

"பாடத்தை நிறுத்து," என்றார். "இனி அந்த ரெண்டு கை என்னோடது."

ரொசாலியா கொஞ்சம் யோசித்தாள். "நீங்களா? மேல்பாகம் சுலபம், எனக்கே வருது. கீழ்ப்பாகத்துக்கு ஆம்பளை விரல்தான் வேணும். நீங்க கத்துக்கிற வரைக்குமாவது வாத்தியார் வரட்டுங்க."

"எனக்குத்தானே? உனக்கு இல்லையே?"

"உங்களுக்கு மட்டும்தான்."

இலையுதிர் காலம் முழுக்க இக்னாஸ் ஒரே ஒரு வால்ட்ஸ் நடன மெட்டைப் போட்டு இடித்தார். டம்-சக்-சக். டம்-சக்-சக். விரல் வீங்கியது. ஆனால் பெஞ்சில் வென்செல் தன் பக்கத்தில், ரொசாலியா அடுப்பங்கரையில். இப்படி ஒரு சுகத்தை அவர் கல்யாணமான நாள்முதல் கண்டதில்லை.

குளிர்காலம் வந்தது; வீட்டுக்கு வீடு நடன விருந்து வைக்கும் ஆட்டக் காலம் பிறந்தது. வீட்டில் முதல் விருந்து. நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி, ஜாம் வைத்த கிராப்ஃபன் பணியாரங்களைத் தட்டுத் தட்டாக அடுக்கி, வயலின்காரர் ஒருவரையும் மூலையில் உட்கார வைத்திருந்தாள் ரொசாலியா. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பெஞ்சில் அமர்ந்தார்கள். விருந்தாளிகள் ஜோடி ஜோடியாக ஆடத் தொடங்கினார்கள். விருந்துக்கு வந்திருந்த வென்செல் சுவரோரம் சும்மா நின்றான். இக்னாஸுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

முதல் பக்கம் முடிந்ததும் ரொசாலியா கையை எடுத்துவிட்டாள். வயலின்காரர் மெட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் நிறுத்திட்டே?"

"இங்க என் பாகத்துக்கு ஓய்வுங்க."

"எவ்வளவு நேரம்?"

"கடைசி வரைக்கும்."

"எனக்கு?"

"உங்களுக்கு ஓய்வே கிடையாது. நிறுத்திடாதீங்க, மானம் போயிடும்."

எழுந்து போனாள். வென்செல் குனிந்து வணங்கிக் கையை நீட்டினான். இருவரும் சுழன்று ஆடத் தொடங்கினார்கள். இக்னாஸ் ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று வேகமாக வாசித்தார். வேகம் கூடக் கூட, சுழன்று விழாமல் இருக்க அவர்கள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பதறிப்போய் நிதானமாக வாசித்தார். அவர்கள் கண்ணோடு கண் பார்த்து மிதந்தார்கள். விருந்தாளிகள் கைதட்டி, இன்னொரு தடவை என்றார்கள்.

முகம் சிவக்கத் திரும்பி வந்த ரொசாலியா, கணவரின் வழுக்கையில் வழிந்த வேர்வையைத் தன் கைக்குட்டையால் ஒற்றினாள்.

"நீங்க அன்னிக்குச் சொன்னது சரிதாங்க. இந்த வாரத்தோட பாடத்தை நிறுத்திடலாம்."

இக்னாஸுக்குப் போன உயிர் திரும்பியது. "அப்போ வென்செல் இனிமே வர மாட்டான்?"

"பாடத்துக்கு எதுக்கு வரணும்? ஆட்டத்துக்கு வந்தாப் போதும். வாசிக்கத்தான் வீட்டிலேயே ஆள் இருக்கே."